அளவெடுக்காமல் தைத்த உடுப்பு

குவைத்
18.2.2007

அன்புள்ள பெபிஷாவுக்கு ஸ்மிதா மைனி எழுதுவது.

நான் சுகம். நீயும் மாமியும் உனக்க அண்ணனும் சுகம்தானே. என்கூட வார்டில் வேலை பார்க்கிற சுபிதா லீவுக்கு ஊருக்கு வாறா. அவ கையில ஒரு பொதி குடுத்து விட்டிருக்கேன். பால்பவுடர், சோப்பு எல்லாம் மாமிக்கு. அடியில நாலு மீட்டர் காட்டன் துணி இருக்கும், வெள்ளையில சின்ன மஞ்சள் பூ. அதுல எனக்க மக அஜிஷாவுக்குக் கை இல்லாத ஃப்ராக் ஒண்ணும், மிச்சத்துல உனக்கு ஒரு டாப்பும் தைக்கணும். போன கோடையில பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்து, சொறிஞ்சு புண்ணாக்கிட்டான்னு மாமி சொன்னப்ப நான் இங்க ஏசி வார்டில் நின்னு அழுதேன். எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்த நைலான் உடுப்புகளை இனிப் போடாதீங்க.

துணியை எடுத்துக்கிட்டு, அஜிஷாவையும் கூட்டிட்டு, மார்த்தாண்டத்துல எனக்க ததேயுஸ் சித்தப்பாவுக்க தையல்கடைக்குப் போ. நான் போனில் சொல்லியாச்சு. நீ ஒரு வருசத்துக்கு மேலா கடைப்பக்கமே வரலைன்னு சித்தப்பா விசாரிச்சார். "உனக்க நாத்தனாருக்கு நம்ம தையல் பிடிக்கல போல" என்கிறார். அவருக்கு அது மனவருத்தம்.

போனில் பேசினா மாமி பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருப்பாவ. அதுக்குத்தான் இந்தக் கடிதம். மறக்காம போ மக்கா.

ஸ்மிதா மைனி


அருமனை
4.3.2007

அன்புள்ள மைனிக்கு,

பொதி வந்தது. துணி ரொம்ப நல்லா இருக்கு. அஜிஷா அதைத் தலையில போர்த்திக்கிட்டு மாதா மாதிரி வீட்டைச் சுத்தி வந்தா.

ஒரு காரியம் கேக்கணும். உடுப்பை நானே வீட்டுல தைக்கட்டுமா? அம்மாவுக்க மிஷின் சும்மா கிடக்குது. பெல்ட் மாத்தி எண்ணெய் விட்டேன், ஓடுது. சுபிதாக்கா ஒண்ணு சொன்னாங்க. அங்க துணிக்கடையில உடுப்பு வெட்டுறதுக்கான காகிதமே கவர்ல போட்டு விக்குதாமே. பேட்டர்ன்னு பேராம். அதைத் துணியில வச்சு வெட்டினா போதுமாம். எட்டு வயசுக்கு உள்ளது ஒண்ணு வாங்கி அனுப்புவீங்களா?

கடைக்குப் போகாததுக்கு வேற ஒண்ணும் இல்ல. இந்த வெயில்ல மார்த்தாண்டத்துல பஸ் இறங்கி ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள உயிர் போயிருது. அங்க கூட்டமும் ஜாஸ்தி. நான் பி.காம். முடிச்சிட்டு வேலை கிடைக்காம சும்மாத்தானே இருக்கேன்.

நீங்க எனக்க அண்ணனைக் கெட்டி இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நான் உங்ககிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. இதை மட்டும் மறுக்காதீங்க.

பெபிஷா


குவைத்
16.3.2007

பெபிஷா,

கவர்ல பேட்டர்ன் இருக்கு. டியூட்டி முடிஞ்சு மூணு கடை ஏறி இறங்கி வாங்கினேன். நீ கேட்டேன்னு வாங்கினேனே தவிர மனசு ஒப்பி வாங்கல.

வெயில், பஸ், கூட்டம்னு நீ எழுதியிருந்தே. மாமிகிட்ட நீ சொன்னது வேற. சித்தப்பா கடைன்னாலே உனக்கு ஓங்கரிக்குதுன்னு சொன்னியாமே. மாமி போனில் வாய் தவறிச் சொல்லிட்டாவ. அப்பா இல்லாத என்னை நர்சிங் படிக்க வச்ச ஆளு அவரு. ஹாஸ்டல்ல கொண்டு விட்டதும், விசாவுக்கு அலைஞ்சதும் அவருதான். நான் இங்க வந்து நிக்கிறதாலதான் அந்த வீட்டுக்கு ஓடு மாத்தி கான்கிரீட் போட்டுச்சு. அதுல உக்காந்துக்கிட்டு எனக்க ஆளுகளைப் பார்த்து உனக்கு அருவருப்பா?

உனக்கு அருவருப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு எழுது. ஒளிச்சு மறைச்சு எழுதாத.

ஸ்மிதா


அருமனை
29.3.2007

அன்புள்ள மைனிக்கு,

பேட்டர்ன் கிடைச்சது. கோவத்தோட அனுப்பினாலும் அனுப்பினீங்களே, அதுக்கு நன்றி.

காகிதம் பாலுக்கு மேல வருமே ஒரு லேசான ஆடை, அந்த மாதிரி இருக்கு. மூச்சு விட்டா பறக்குது. கவருக்குப் பின்னால அட்டவணை போட்டிருக்கான். நெஞ்சளவு, இடுப்பளவு, தோள்ல இருந்து நீளம். அஜிஷா தன் கையாலயே டேப்பைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டா, நான் தள்ளி நின்னு நம்பரை வாசிச்சேன். காட்டன் சுருங்கும்னு துணியை முதல்லயே நனைச்சு உலர்த்திட்டேன். காகிதத்துல ஓர் ஓரத்துல "மடிப்பில் வைக்கவும்"னு இங்கிலீஷ்ல இருந்ததைக் கவனிக்கல. முன்பக்கம் ஒரே துண்டா வரவேண்டியது நடுவுல பிளந்து ரெண்டாப் போச்சு. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பிறகு நடுவுல ஒரு பட்டி வச்சு பட்டன் போட்டிரலாம்னு தோணுச்சு.

இனி நீங்க கேட்டதுக்கு வாறேன். மூணு தடவை எழுதிக் கிழிச்சாச்சு.

2005 டிசம்பர்ல கிறிஸ்மஸுக்கு சுடிதார் தைக்க அங்க போனேன். எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. கடைக்குப் பின்னால ஒரு திரை தொங்கும்லா, பெண்ணுகளுக்கு அளவு அங்கதான் எடுப்பேன்னு கூட்டிட்டுப் போனார். டேப்பை நெஞ்சைச் சுத்திப் போட்டவர் கையை எடுக்கல. முப்பத்திநாலுன்னு சொன்னார். பிறகு தப்பாப் போச்சுன்னு மறுபடி. பிறகு மூணாவது தடவை. கண்ணு டேப்புல இல்ல. வாயில கிராம்பு மென்னுக்கிட்டு எனக்க முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னார். விரல்ல இருந்த நீல சாக்பீஸ் பொடி எனக்க வெள்ளை சட்டையில ஒட்டிக்கிட்டுது. எங்கெல்லாம் ஒட்டியிருந்துச்சுன்னு வீட்டுக்கு வந்து கண்ணாடியில பார்த்தேன். பார்த்ததும் வாந்தி எடுத்தேன். அந்தச் சட்டையை அடுப்புல போட்டேன். கிராம்பு வாசனை வந்தா இப்பவும் எனக்குச் சோறு இறங்காது.

அம்மாகிட்ட சொன்னேன். அம்மா பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தாவ. திரும்பிக்கூடப் பார்க்காம, "போய் குளிச்சிட்டு வந்து சாப்பிடு. ஸ்மிதாவுக்க காதுல போவாண்டாம், அவளுக்க ஆளுக" என்றாவ. அவ்வளவுதான்.

அருவருப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டீங்க. அங்க இருந்துதான் வந்துச்சு. அஜிஷாவை நான் அந்தத் திரைக்குப் பின்னால அனுப்ப மாட்டேன்.

பெபிஷா


குவைத்
10.4.2007

பெபிஷா,

உனக்க கடிதத்தை வாசிச்சேன். கிழிச்சுப் போட்டேன்.

அளவெடுக்கிறவன் தொடாம எப்படி அளவெடுப்பான்? நானும் நர்சுதான். ஒரு நாளைக்கு எத்தனை பேர் உடம்பைத் தொடுதேன். அவருக்கு அறுபது வயசாகப் போவுது, கண்ணும் சரியில்ல, நம்பர் ரெண்டு மூணு தடவை தப்பும். இதையெல்லாம் மனசுல வச்சு ஊதிப் பெருசாக்குறது உனக்க வயசுக் கோளாறு. வேற யார்கிட்டயும் இதைப் பேசாத. உனக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம்.

21-ம் தேதி சனிக்கிழமை மாமி அஜிஷாவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போவாவ. போனில் சொல்லியாச்சு. நீ வெட்டிக் கெடுத்ததையும் மீதித் துணியையும் மாமி கையில குடு. அவர் சரியாக்கித் தருவார்.

ஸ்மிதா


அருமனை
24.4.2007

மைனிக்கு,

உங்க கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. துணியை அம்மா கையில நான் குடுக்கல. சனிக்கிழமை காலையில ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்து பார்த்தா மிஷின் மேல இருந்த துண்டுகளும் இல்ல, அஜிஷாவும் இல்ல. மண்ணெண்ணெய் கேனை வாசல்லயே போட்டுட்டு பஸ் ஏறினேன்.

கடையில அம்மா வெளி பெஞ்சுல உக்காந்து சோடா குடிச்சிட்டிருந்தாவ. உங்க சித்தப்பா டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு, ஒரு கையால திரையை ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "வா பிள்ளே, உள்ள வெளிச்சம் நல்லா இருக்கு" என்று கூப்பிட்டுக்கிட்டிருந்தார். அஜிஷா வெட்டுமேசைக்கு இந்தப் பக்கமே நின்னா. நான் ஓடிப்போய் அவளுக்க கையைப் பிடிச்சேன். ஒண்ணும் நடக்கல மைனி. நான் பஸ்ஸுல வச்சு அவகிட்ட மெல்லக் கேட்டேன். ஒண்ணும் நடக்கல. நீங்க பயப்படாதீங்க.

"அளவு எடுக்காண்டாம். அளவு எனக்க கையில இருக்கு" என்றேன்.

அவர் சிரிச்சார். "பெபிக்குக் கோவம். கெட்டிக் குடுக்கிற வயசுல இப்படித்தான்" என்று அங்க நின்ன ஒரு ஆளைப் பார்த்துச் சொன்னார். அந்த ஆளும் சிரிச்சான். உங்க ஓமனா சித்தி இடதுபக்க மிஷின்ல இருந்து தச்சுக்கிட்டே இருந்தாங்க. புருசன் பேசினப்பவும், நான் பேசினப்பவும் அவங்க தலை நிமிரல. காலும் நிக்கல. ஊசிக்குக் கீழ துணி தீர்ந்து போச்சு, நான் பார்த்தேன். வெறும் ஊசி ஏறி இறங்கிக்கிட்டிருந்துச்சு.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் என்னை அறைஞ்சுட்டான். சம்பந்தக்காரன் கடையில ஆள் பார்க்க அவமானப்படுத்திட்டேனாம். அவன் கை முழுக்க ரப்பர் பால் நாத்தம். நம்ம ஆளுகள்ல எல்லா ஆம்பிளைக் கையிலயும் ஒரு நாத்தம் இருக்குன்னு நினைச்சேன். சொல்லல.

உடுப்பைத் தச்சு முடிச்சிட்டேன். கழுத்துக்கும் தோள்வெட்டுக்கும் பைப்பிங் கொஞ்சம் கோணல். இடுப்புச் சுருக்கம் ஒரு பக்கம் கூடுதல். போட்டுக்கிட்டு அவ ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு முற்றத்துல நின்னா, காத்துப் படட்டும்னு. வேர்க்குரு ஆறிக்கிட்டிருக்கு.

இனி நீங்க எனக்கு எழுதாண்டாம். பிள்ளைக்கு எழுதுங்க, வாசிச்சுக் காட்டுதேன்.

பெபிஷா


குவைத்
11.5.2007

பெபி,

எழுதாண்டாம்னு சொன்னே. இருந்தாலும் எழுதுதேன். வாசிக்காம கிழிச்சாலும் குற்றமில்ல, உனக்க கடிதத்தை நானும் கிழிச்சவதானே.

உனக்க அந்தக் கடிதத்தைக் கிழிச்சது நம்பாததினால இல்ல. கிராம்பு என்கிற வார்த்தையைப் பார்த்ததினால.

நர்சிங் சேர்ந்தப்ப யூனிஃபார்ம் அவர்தான் தச்சுத் தந்தார். எனக்குப் பத்தொன்பது வயசு. அதே திரை, அதே கிராம்பு. மூணு தடவை அளந்தார். "நானில்லாட்டா உனக்குப் படிப்பு உண்டா?" என்று காதுகிட்ட வந்து கேட்டார். நான் இல்லைன்னு தலையாட்டினேன் பெபி. நான் தலையாட்டினதுதான் எனக்கு இண்ணைக்கு வரைக்கும் தாங்கல. எனக்க அம்மாகிட்ட சொன்னேன். "படிப்பு முடியட்டும்" என்றா. படிப்பு முடிஞ்சுது, கல்யாணம் முடிஞ்சுது, பிள்ளையும் பிறந்துச்சு.

பிறகு என்னத்துக்கு உன்னையும் பிள்ளையையும் அங்க போகச் சொன்னேன்னு நீ கேப்பே. நானும் கேட்டுப் பார்த்தேன். போக வேண்டாம்னா ஏன்னு சொல்லணும். சொன்னா அவர் அப்படிப்பட்டவர்னு ஆகும், நான் அதை வாங்கிக்கிட்டு நின்னவன்னு ஆகும். துணி அனுப்பிக்கிட்டே இருந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். பிள்ளையோட மாமியோ நீயோ கூட இருப்பீங்க, ஒண்ணும் வராதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பெத்த பிள்ளையை அந்த வாசலுக்கு அனுப்பிட்டு இங்க நிம்மதியா நோயாளிக்கு டெம்பரேச்சர் பார்த்துக்கிட்டு நின்னிருக்கேன். அவர்மேல வர்ற அருவருப்பு பழசு, பழகிப்போச்சு. என்மேல வர்றது புதுசு. கை கழுவிக் கழுவித் தோல் உரிஞ்சிருச்சு. கூட உள்ளவங்க சோப்பு அலர்ஜியான்னு கேக்குதாங்க.

ஜூன் மாசம் லீவு கிடைச்சிருக்கு. 9-ம் தேதி வாறேன். அதுவரைக்கும் பிள்ளையை நீ பார்த்துக்க. மாமிகிட்ட கூட விடாத.

உன்னை வயசுக் கோளாறுன்னு எழுதினேன். அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேக்க எனக்கு முகமில்ல.

ஸ்மிதா


குவைத்
22.7.2007

அன்புள்ள பெபிக்கு,

லீவு முடிஞ்சு இங்க வந்து சேர்ந்துட்டேன். அண்ணைக்கு நான் தனியா மார்த்தாண்டம் போயிட்டு வந்தப்ப, "என்ன ஆச்சு மைனி"ன்னு நீ மூணு நாள் கேட்டே. நான் வாயைத் திறக்கல. அந்த வீட்டுக்குள்ள வச்சு அதைப் பேச வரல. இங்க இருந்து எழுத வருது.

கடையில நாலு பொம்பளைகள் இருந்தாங்க. அவங்க முன்னால வச்சே கேட்டேன். "சித்தப்பா, பத்தொன்பது வயசுல இந்தத் திரைக்குப் பின்னால என்னை என்னத்துக்கு மூணு தடவை அளந்தீங்க? எனக்க நாத்தனாரை என்னத்துக்கு மூணு தடவை அளந்தீங்க? இவங்க முன்னால சொல்லுங்க."

அவர் கத்தரிக்கோலைக் கீழ வைக்கக்கூட இல்ல. "குவைத்துல வெயில் கூடுதல், தலைக்குப் பிடிச்சிருக்கு" என்றார். அதைக்கூடத் தாங்கினேன். அந்த நாலு பேரும் காலடியைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அதுல ஒருத்தி, நான் பேசி முடிச்சதும், "எனக்க பிளவுஸ் ஆச்சா?" என்று அவர்கிட்ட கேட்டா. நான் வெளிய இறங்கினேன். ஓடையோரமா நின்னு வாந்தி எடுத்தேன்.

ஓமனா சித்தி பின்னாலயே வந்தாங்க. தண்ணி பாட்டில் நீட்டினாங்க. "அஜிஷாவை இனி இங்க கொண்டு வராத மக்கா" என்றாங்க. பிறகு இன்னொண்ணு சொன்னாங்க. அருமனையில உங்க மகளிர் குழு, பத்தாம் கிளாஸ் முடிச்ச பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு நடத்தப் போவுதாம். ஓணம் கழிஞ்சு தொடங்குமாம். சொல்லிக்குடுக்க அவரைத்தான் கேட்டிருக்காங்களாம். "உன்னால தடுக்க முடிஞ்சா தடு. நான் சொன்னேன்னு சொல்லாத." இத்தனை வருசம் அந்த மிஷினை மிதிச்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தவங்க. அவங்க கையைப் பிடிச்சுக்கணும்போலவும் இருந்துச்சு, தட்டி விடணும்போலவும் இருந்துச்சு. பாட்டிலை வாங்காமலே பஸ் ஏறிட்டேன்.

உனக்க அண்ணன்கிட்டயும் எல்லாத்தையும் சொன்னேன். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டுப் போய் சித்தப்பாகிட்ட சமாதானம் பேசிட்டு வந்திருக்கார். அங்க காப்பியும் குடிச்சாராம். இனி அந்த மனுசனோட ஒரே தட்டுல எப்படிச் சாப்பிடுறதுன்னு தெரியல.

வகுப்புக் காரியத்தை உனக்க கையில விடுதேன். எனக்க பேரை எங்க வேணும்னாலும் சொல்லு. மறைக்காண்டாம்.

ஸ்மிதா மைனி


அருமனை
19.8.2007

அன்புள்ள மைனிக்கு,

குழுத் தலைவி அன்னக்கிளி அக்காவைப் போய்ப் பார்த்தேன். எனக்கு நடந்ததையும் சொன்னேன், உங்களுக்கு நடந்ததையும் உங்க பேரோட சொன்னேன். அவங்க தேங்காய் உரிச்சிக்கிட்டே கேட்டாங்க. "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுக. ஒரு வீட்டுச் சண்டைன்னு நாளைக்கு நாலு பேர் சொல்லுவாங்க. வேற யாராவது உண்டா?" என்றாங்க. வேற யாரும் எனக்குத் தெரியாதேன்னு திரும்பி வந்துட்டேன்.

ஆனா பேச்சு வெளிய போயிருக்கு. அந்த வாரத்துல மூணு பேர் துணியோட வீட்டுக்கு வந்தாங்க. பெபி தைக்குதாமேன்னு கேட்டாங்க. வேற ஒரு வார்த்தை கேக்கல. மூணு பேரும் அளவுக்குப் பழைய பிளவுஸ் கொண்டு வந்திருந்தாங்க. அதுல ஒருத்தி தாணம்மாள் அக்கா, கீரிப்பாறை எஸ்டேட்ல ரப்பர் பால்வெட்டுக்குப் போறவங்க. உங்களுக்குத் தெரியும், மூணு பெண்மக்கள் உண்டு.

"ததேயுஸ் கடையில நேர்ல போய் அளவு குடுத்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"நான் என்னத்துக்குப் போறேன்? கல்யாணத்துக்கு முன்ன ஒரு தடவை போனது. அதுக்குப் பிறகு அளவு பிளவுஸைத்தான் குடுத்து விடுவேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். எனக்க கொழுந்தி, வீட்டுக்காரருக்க தங்கச்சி, அவளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாங்க. ஒரு சாமர்த்தியத்தைச் சொல்லுறது மாதிரி சொன்னாங்க மைனி. சிரிச்சுக்கிட்டே.

எனக்கு வந்த அருவருப்பை எப்படி எழுதுறதுன்னு தெரியல. அந்த ஆள்மேல கூட அண்ணைக்கு அவ்வளவு வரல. இத்தனை வருசமா தனக்க வீட்டுப் பெண்ணுகளை மட்டும் கமுக்கமாக் காப்பாத்திக்கிட்டு, நான் அந்த வழியா சுடிதார் துணியோட போறதைப் பார்த்து "கிறிஸ்மஸுக்கா?" என்று கேட்டவங்க அவங்க. நல்லா ஞாபகம் இருக்கு.

மடியில கிடந்த அவங்க துணியை எடுத்து அவங்க கையிலயே குடுத்தேன். "நான் தைக்குதேன். ஆனா இப்ப சொன்னதை நீங்க குழுக் கூட்டத்துல அன்னக்கிளி அக்கா முன்னால சொல்லணும். சொல்லிட்டு வாங்க, தச்சுத் தாறேன்" என்றேன்.

அவங்க முகம் செத்துப் போச்சு. கூட வந்த ரெண்டு பேரும் எழும்பி முற்றத்துக்குப் போயிட்டாங்க. "எனக்கு மூணும் பெண்ணு பெபி. நாளைக்கு அவங்களைக் கெட்டிக் குடுக்கணும். இதையெல்லாம் சொல்லிட்டு ஊர்ல எப்படி நடக்க?" என்றாங்க.

"வகுப்புக்குப் பேர் குடுத்த பதினேழு பிள்ளைகளும் பெண்ணுதான்" என்றேன்.

துணியைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அம்மா அடுக்களையில நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாவ. வாற தொழிலைக் கெடுக்கியான்னு ஒரு மூச்சு ஏசினாவ. அம்மாவோட பேசுறது இப்ப எனக்கு ரொம்பக் குறைவு.

இது நடந்தது திங்கட்கிழமை. இண்ணைக்கு ஞாயிறு, பூசை முடிஞ்சு வாறப்ப எங்க இடைவழியில தாணம்மாள் அக்கா எனக்காகக் காத்து நின்னாங்க. கையில துணி இல்ல. எனக்க முகத்தைப் பார்க்கல, வேலியைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

"கூட்டம் எண்ணைக்கு?" என்று கேட்டாங்க.

"புதன்கிழமை, மூணு மணிக்கு" என்றேன்.

"எனக்க கொழுந்தியும் வருவா" என்று சொல்லிட்டு நடந்து போயிட்டாங்க.

பெபிஷா